பிறேக் ஒயில்

ஊர்காவற்றுறை
14.05.2002

அன்பின் அண்ணை,

மாதாவின் காவலில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா, அண்ணி இன்னும் வேலைக்குப் போகிறாவா என்று எழுதுங்கள்.

சண்டை ஓய்ந்து வவுனியாப் பாதை திறந்து ஒரு மாதமாகிறது. கப்பலுக்குக் காத்திருந்த சாமான் எல்லாம் இப்போது யாழ்ப்பாணத்துக் கடை வாசல்களில் குவிந்து கிடக்கிறது. அதைப் பார்த்த அன்றே ஒரு முடிவெடுத்தேன். இவருடைய மொறிஸ் மைனர் காரைத் திருத்தி, வாடகைக்கு ஆள் ஏற்றி நானே ஹயருக்கு ஓடப் போகிறேன். சங்கக் கடையில் அரிசி நிறுத்தது போதும். இங்கே பின்னேரம் கடைசி பஸ் போய்விட்டால் வருத்தக்காரரை யாழ்ப்பாணம் கொண்டுபோக ஒரு வாகனம் இல்லை. போன கிழமை ஒரு பிள்ளைத்தாச்சியை உழவு மெஷின் இழுக்கும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாலம் தாண்ட முன்னரே அவள் பெட்டிக்குள் பெற்றுவிட்டாள்.

கார் எந்த நிலையில் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்று நாலில், நாங்கள் மானிப்பாயில் இடம்பெயர்ந்து இருந்தபோது, இவர் மதகில் மோதிச் செத்த நாளிலிருந்து அது ஓடவில்லை. ஊர் திரும்பும்போது உழவு மெஷினில் கட்டி இழுத்து வந்தேன். விட்டுவிட்டு வரச் சொல்லாத ஆள் இல்லை.

இவருடைய தமையன் பஸ்ரியாம்பிள்ளை இப்போது கோயில் சபைத் தலைவர். அவரிடமும் சொன்னேன். “தம்பி குடிச்சிட்டு ஓடிச் செத்த கார். அதை நீர் ஊருக்குள்ள ஓட்டித் திரியப் போறீரோ?” என்று கேட்டார்.

“ஓம், பெரியத்தான். திரியத்தான் போறன்” என்றேன்.

யாழ்ப்பாணத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அரியநாயகம் அண்ணை வந்து பார்த்தார். பெற்றோல் தடை நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடி ஓடி எஞ்சின் தேய்ந்துவிட்டது, டட்சன் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் போடலாம் என்கிறார். அந்த வேகத்தைப் பிடிக்கப் பழைய பிறேக் காணாதாம். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் வேண்டுமாம். அந்தக் காரைப் பத்து வருஷம் திருத்தியவர் நீங்கள். எங்கே தொடங்குவது என்று எழுதுங்கள். உங்கள் கராஜில் ஸ்பானர் எடுத்துத் தந்து வளர்ந்தவள் நான். சொன்னால் செய்வேன்.

அன்புத் தங்கச்சி
நிமலினி


ரொறன்ரோ
22.06.2002

அன்புள்ள தங்கச்சி நிமலிக்கு,

உன் கடிதம் கண்டு உன் சுகம் அறிந்தோம். இங்கே நாங்களும் குறைவில்லை. முழங்கால் அப்படியேதான், பேக்கரியில் நாள் முழுக்க நின்று செய்கிற வேலை.

கார் வேண்டாம். அது முடிந்த கார். தகரமெல்லாம் உக்கியிருக்கும். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடு. சங்கக் கடை அலுத்துவிட்டதென்றால் வீட்டோடு ஒரு சின்னக் கடை போட நான் ஒழுங்கு செய்கிறேன். ஹயர் ஓடுவது பொம்பிளைப் பிள்ளைக்கு ஏற்ற வேலை இல்லை. செக் பொயின்ற், ஊர் வாய் என்று எத்தனையைச் சமாளிப்பாய்?

செய்தே தீருவேன் என்று நின்றாயானால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பழைய பிறேக்கைக் கழற்றிப் பார்த்து மினக்கெடாதே. முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்லு. மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. கனடா வந்து நான் ஒரு ஸ்பானரைத் தொட்டதில்லை.

கோயிலுக்குப் போனால் எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்து.

அண்ணா
அன்ரனிதாஸ்


ஊர்காவற்றுறை
30.07.2002

அன்பின் அண்ணை,

சுகத்துக்குக் குறைவில்லை. அண்ணியையும் உங்களையும் ஆண்டவர் காக்கட்டும். மெழுகுதிரி கொளுத்தினேன்.

கடை வேண்டாம். எஞ்சினும் கியர் பெட்டியும் வந்துவிட்டன. வவுனியாவிலிருந்து லொறியில் யாழ்ப்பாணம், அங்கிருந்து உழவு மெஷினில் ஊர். செக் பொயின்றில் நின்ற ஆமிப் பெடியன் மெஷின் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்றேன். மெக்கானிக் எங்கே என்றான். நான்தான் என்றேன். சிரித்துவிட்டு இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர்கள் சிரித்து முடியும்வரை கியர் பெட்டிக்கு மேலே ஏறி இருந்தேன். பிறகு போகச் சொன்னார்கள்.

இப்போது சிக்கல் இதுதான். புதுக் கியர் பெட்டி பழையதைவிட நீளம். அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டம் இடிக்கிறது. பின் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சாப்ற் நீண்டுபோய் நிற்கிறது. எவ்வளவு வெட்டுவது? அளவுகளை மற்றத் தாளில் எழுதியிருக்கிறேன். மறந்துவிட்டது என்றீர்கள். தாளைப் பார்த்தால் ஞாபகம் வரும்.

பெரியத்தான் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு போகிறார். அவருடைய மனைவி சின்னத்தங்கம் அக்கா வேலி ஓட்டையால் பார்க்கிறா.

தங்கச்சி
நிமலினி


ரொறன்ரோ
15.08.2002

அன்புள்ள நிமலி,

மாதாவின் திருநாளன்று எழுதுகிறேன். எல்லோரும் சுகம்.

உன் அளவுகளை வேலைக்குப் போகும் பஸ்ஸில் விரித்துப் பார்த்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

குறுக்குச் சட்டத்தை நடுவில் வெட்டாதே. இரண்டு முனைகளிலும் வெட்டி, பின்னுக்குத் தள்ளி ஒட்டு. வெட்ட முன் எஞ்சினுக்குக் கீழே பனங்குற்றி முட்டுக் கொடு. சாப்றை அளக்கும்போது கார் ஜாக்கில் நிற்கக் கூடாது, நாலு சில்லிலும் பாரம் இருக்க வேண்டும். கியர் பெட்டிப் பக்கம் ஒரு அங்குலம் விளையாட விடு, இல்லாவிட்டால் றோட்டின் முதல் பள்ளத்திலேயே அது பெட்டியைக் குத்தும். ஒட்டி முடிந்ததும் அரியநாயகத்திடம் சொல்லிக் கடைசல் மெஷினில் சுற்றிப் பார். ஒரு மயிரிழை கோணினாலும் நாற்பது மைல் வேகத்தில் உன் பல்லெல்லாம் ஆடும். பின் அச்சையும் டட்சனுடையதாக மாற்று. பழையதன் பல் கணக்கு இந்த எஞ்சினுக்கு ஒத்து வராது, கத்தும். மூன்று தாளில் கீறி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் எழுதும்போது கைக்கு நல்லாக இருந்தது.

பிறேக் விஷயம் நான் முதல் எழுதியதுதான். மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே இருக்கிறது. பெடலை மிதித்தால் ஒயிலை நாலு சில்லுக்கும் தள்ளுவது அதுதான். அதைத் திறக்க வேண்டாம். கழற்றிக் கடலில் எறி.

அண்ணா
அன்ரனிதாஸ்


ஊர்காவற்றுறை
19.10.2002

அன்பின் அண்ணை,

நீங்கள் சுகமாயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கியர் பெட்டி இருந்துவிட்டது. சாப்ற் ஆடவில்லை. நீங்கள் கீறியது அளவுக்கு அளவு சரி. வளவுக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினேன், கைப்பிறேக்கை நம்பி.

இன்னொரு செய்தி. இடப்பெயர்வில் செத்த எங்கள் கோயில் பங்கு ஆட்களின் பெயரை வெட்டிச் சேமக்காலை வாசலில், கல்லறைகளுக்கு முன்னால், ஒரு கல் நடப் போகிறார்கள். வருகிற வருஷம் ஆத்துமாக்கள் திருநாளில் திறப்பார்களாம். கோயில் கதவில் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருக்கிறது. நாற்பத்து மூன்று பேர். இவருடைய பெயர் இல்லை. பெரியத்தானிடம் போய்க் கேட்டேன். “ஷெல்லடி, கடல், வருத்தம், மருந்தில்லாத சாவு, எல்லாம் இருக்கு. குடிச்சுச் செத்தது இடப்பெயர்வுச் சாவில்லை” என்றார். தன் கூடப்பிறந்த தம்பியை. நான் அந்த இடத்திலேயே பென்சிலால் பெயரை எழுதினேன். அடுத்த ஞாயிறு அழித்திருந்தது. இப்போது பேனையால் எழுதியிருக்கிறேன்.

மாஸ்ரர் சிலிண்டரை நான் கடலில் எறியவில்லை. அதைக் கழற்ற இரண்டு நாள் பிடித்தது. திறந்தேன். உள்ளே இருந்த றப்பர்கள் ஊதி, தேத்தண்ணியில் தோய்ந்த ரஸ்க் மாதிரிக் கையோடு வந்தன. எட்டு வருஷம் சும்மா கிடந்தால் அப்படி ஆகுமா என்று அரியநாயகம் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கிளாசில் தண்ணீர் எடுத்து, சிலிண்டரின் அடியில் மிஞ்சியிருந்த ஒயிலை அதற்குள் கவிழ்த்தார். “பிறேக் ஒயிலெண்டால் தண்ணியோட கலந்துபோகும். இதைப் பாரும் பிள்ளை” என்றார்.

அது கலக்கவில்லை. மேலே மிதந்தது.

வேறு ஒயில் விட்டால் றப்பர் ஊதிக் கிழியும், பிறகு பெடல் சும்மா கீழே போகும் என்றார்.

காருக்குள் உடைந்து கிடந்த போத்தலை ஊர் பார்த்தது. சாராயப் போத்தல் என்றது. அது சாராயப் போத்தல்தான், உள்ளே இருந்தது பெற்றோல். மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை ஸ்ராட் பண்ண எல்லோரும் அப்படித்தான் ஒரு போத்தலில் கொஞ்சம் வைத்திருந்தார்கள். செத்த வீட்டில் நான் கத்திச் சொன்னேன். பெண்சாதி அப்படித்தான் சொல்லுவாள் என்றார்கள். இவர் முந்தி குடித்தவர், அதை நான் மறைக்கவில்லை. தொண்ணூற்றிரண்டு தவக்காலத்தில் விட்டவர் பிறகு தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை பிறேக் பார்க்க உங்களிடம் காரைத் தந்தார். சனிக்கிழமை செத்தார். ஒரே ஒரு கேள்வி. அந்தச் செவ்வாய்க்கிழமை உள்ளே என்ன ஊற்றினீர்கள்?

தங்கச்சி
நிமலினி


ஊர்காவற்றுறை
20.12.2002

அன்பின் அண்ணை,

பாலன் பிறப்பு வாழ்த்துகள் உங்களுக்கும் அண்ணிக்கும்.

பதில் வரவில்லை. தொலைபேசிக் கடையிலிருந்து மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் நீங்கள் வேலையில் நிற்பதாக அண்ணி சொன்னா.

டிஸ்க் பிறேக் பூட்டியாயிற்று. புது மாஸ்ரர் சிலிண்டருக்கு இரண்டு வழி. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். பெரியத்தானுக்குப் பயந்து அயலில் ஒரு ஆம்பிளை வரவில்லை. கடைசியில் சின்னத்தங்கம் அக்கா வேலி ஓட்டையை அகட்டிக்கொண்டு வந்தா. சீலையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிச் சாரதிக் கதிரையில் ஏறினா. நான் கீழே இருந்து மிதிக்கச் சொல்ல மிதித்தா, பிடிக்கச் சொல்லப் பிடித்தா. நாலு சில்லையும் முடிக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. பெடல் கல்லு மாதிரி நின்றது.

அக்கா இறங்கவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருந்து சொன்னா: “மரியநாயகம் அண்டைக்குக் குடிக்கேல்லை, நிமலினி. விடிய எங்கட வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனவன். இவருக்கும் அது தெரியும்.”

பிறகேன் அப்படிச் சொல்லித் திரிகிறார் என்று கேட்டேன்.

“செத்த அண்டைக்கே வாய்விட்டுச் சொல்லிப்போட்டார். இனி மாத்த ஏலாதாம்.”

உங்களுக்கும் அப்படித்தானோ, அண்ணை?

நிமலினி


ஊர்காவற்றுறை
16.02.2003

அண்ணை,

சுகம் விசாரிக்க இந்த முறை மனம் வரவில்லை.

நாலு மாதம். நான் கேட்டது ஒரு வரிக் கேள்வி. பேனையால் எழுதிய பெயருக்கு மேலே வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். தாளுக்கு மேலே எழுதினேன். சாரதிப் பத்திரம் எடுத்துவிட்டேன், முதல் தரத்திலேயே.

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் விடப்போவதில்லை.

நிமலினி


ரொறன்ரோ
21.03.2003

நிமலி,

எத்தனை கடிதம் எழுதிக் கிழித்தேன் என்று அண்ணிக்குத் தெரியும்.

சைக்கிள் கடையில் வாங்கிய மெஷின் ஒயில். அதைத்தான் ஊற்றினேன்.

அந்தக் கிழமை யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் ஒரு சொட்டு பிறேக் ஒயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வவுனியாப் பக்கமிருந்து கொண்டுவந்து தருவதாக ஒரு ஆள் சொல்லியிருந்தான். மரியநாயகம் அவசரப்பட்டான். ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைத் தினமும் ஏற்றி இறக்க வேண்டும் என்றான். “மச்சான், அசல் ஒயிலோ?” என்று கேட்டான். ஓம் என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் காரை எடுக்க மாட்டான். ஐந்து நாள் தாங்கும் என்று நினைத்தேன். நாலாம் நாள் போனான்.

மதகடியில் முதல் போய்ச் சேர்ந்தது நான்தான். அவனை வெளியே எடுத்த பிறகு பெடலைக் கையால் அமத்திப் பார்த்தேன். தளத்தில் போய் முட்டியது. அதற்குள் பஸ்ரியாம்பிள்ளை வந்து போத்தல் கழுத்தைத் தூக்கிக் காட்டி, குடித்துவிட்டு ஓடியிருக்கிறான் என்று சொன்னான். நான் பக்கத்தில் நின்றேன். செத்த வீட்டிலும் நின்றேன். நீ கத்தியபோதும் நின்றேன். மூன்று மாதத்தில் கனடாவுக்கு வெளிக்கிட்டுவிட்டேன்.

இங்கே நான் கார் ஓட்டுவதில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு முழங்கால் என்று சொல்லுவேன். பஸ்ஸில் இருந்தாலும் சந்தி வந்தால் என் வலது கால் தானாகத் தளத்தை அமத்தும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

தாசன்


ஊர்காவற்றுறை
27.04.2003

அண்ணை,

பாஸ்காத் திருநாள் முடிந்து ஒரு கிழமை. கடிதத்தைச் சங்கக் கடைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். பிறகு உள்ளே போய்ப் பின்னேரம் வரை அரிசி நிறுத்தேன்.

ஒயில் ஊற்றியதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அந்த நாட்களில் எல்லோரும் எதையாவது எதற்குள்ளாவது ஊற்றித்தான் வாழ்ந்தோம். அசல் என்று பொய் சொன்னதையும் ஒரு நாள் விளங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் நான் அங்கே தனிய நின்று கத்தினேன். நீங்கள் கைக்கெட்டிய தூரத்தில் நின்றீர்கள். ஒன்பது வருஷமாக இந்த ஊரில் நான் குடிகாரன் பெண்சாதி. அதை விளங்கிக்கொள்ள என்னால் ஏலாது, அண்ணை. நான் முயற்சி செய்யவும் மாட்டேன்.

எனக்குக் கண்ணீர்க் கடிதம் வேண்டாம். பங்கு மக்களுக்கு என்று விலாசமிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன ஊற்றினீர்கள், அவரிடம் என்ன சொன்னீர்கள், மதகடியில் என்ன கண்டீர்கள். கீழே முழுப் பெயர், கையொப்பம். நான் சொன்னால் புருஷனுக்காகக் கதை கட்டுகிறாள் என்பார்கள். நீங்கள் எழுதினால் அப்படிச் சொல்ல ஏலாது.

நிமலினி


ரொறன்ரோ
30.06.2003

நிமலி,

கேட்டதை இதோடு வைத்திருக்கிறேன். ஒரு மன்றாட்டம். சுவாமியாருக்கும் பஸ்ரியாம்பிள்ளைக்கும் மட்டும் காட்டு. இல்லாவிட்டால் என் பெயரை மறைத்துவிடு. அண்ணியின் ஆட்கள் முழுப்பேரும் அந்தக் கோயில்தான்.

தாசன்

*ஊர்காவற்றுறைப் பங்கு மக்களுக்கு: 1994 செப்டெம்பர் 13ஆம் திகதி மரியநாயகத்தின் காரில் பிறேக் ஒயிலுக்குப் பதிலாக மெஷின் ஒயிலை ஊற்றியவன் நான். அசல் ஒயில் என்று அவனிடம் பொய் சொன்னேன். 17ஆம் திகதி பிறேக் பிடிக்காமல் அவன் இறந்தான். பெடலைச் சோதித்து அதை நான் அன்றே அறிந்தேன். அவன் குடித்திருக்கவில்லை. போத்தலில் இருந்தது பெற்றோல். இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை. — சூசைப்பிள்ளை அன்ரனிதாஸ்*


ஊர்காவற்றுறை
08.11.2003

அன்பின் அண்ணை,

நான் நல்ல சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

நீங்கள் கேட்டபடி ஓகஸ்டில் முதலில் பெரியத்தானிடம்தான் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தார். மடித்துத் திருப்பித் தந்தார். “இது உங்கட குடும்பக் கதை. கல்லு வெட்டியாச்சு” என்றார். சுவாமியாரும் வாசித்துவிட்டு, சபையோடு கதைக்கிறேன் என்றார். செப்டெம்பர் போனது, ஒக்ரோபர் போனது.

ஆத்துமாக்கள் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து எல்லோரும் சேமக்காலைக்கு நடந்து போனார்கள். நான் காரில் போனேன். பக்கத்தில் சின்னத்தங்கம் அக்கா. வீட்டில் சொல்லாமல் வந்து ஏறினா. சனம் விலகி வழி விட்டது. வாசலில் கல்லுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். கல் திறந்து செபம் முடிந்தது. பெரியத்தான் பெயர்களை வாசித்து முடித்துத் தாளை மடித்தார். அப்போது நான் முன்னுக்குப் போய், இன்னும் ஒரு ஆள் இருக்கிறது என்று சொல்லி உங்கள் கடிதத்தை வாசித்தேன்.

பெயரை மறைக்கச் சொன்னீர்கள். மறைக்கவில்லை. பெயரில்லாத கடிதத்தை யார் நம்புவார்கள்? முழுப் பெயரையும் வாசித்தேன். அண்ணியின் ஆட்கள் முன் வரிசையில்தான் நின்றார்கள்.

 பெரியத்தான்தான் முதலில் சொன்னார், கல்லில் இனி இடமில்லை என்று. அப்போது அக்கா காரிலிருந்து இறங்கி வந்தா. முப்பது வருஷத்தில் அவரோடு நாலு பேருக்கு முன் எதிர்த்துக் கதையாதவ.

“அவன் அண்டைக்கு எங்கட குசினியில இருந்து தேத்தண்ணி குடிச்சவன். நீங்களும் பக்கத்தில இருந்தனீங்கள். கல்லில இடம் இருக்கு. நீங்கள் விலகுங்கோ.”

அவர் விலகினார். விலகிக் கேற்றால் நடந்து போய்விட்டார். சுவாமியார் கல்லைச் சுற்றி வந்து பார்த்து, பக்கவாட்டு முகம் வெறுமையாக இருக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமை கல்வெட்டுகிறவர் வந்தார். வெட்டி முடியும்வரை நான் பக்கத்தில் நின்றேன். மற்ற நாற்பத்து மூன்று பேரும் முன்னால். இவர் மட்டும் பக்கத்தில், தனிய, பெரிய எழுத்தில். பெரியத்தான் இன்னும் அக்காவோடு கதைக்கவில்லை. அதற்காக அக்கா மெலியவில்லை.

நேற்று முதல் ஹயர். கண்ணில் பூ விழுந்த ஒரு மீன்பிடிகாரரை யாழ்ப்பாணம் கொண்டுபோனேன். அல்லைப்பிட்டி தாண்டி நாற்பத்தைந்து மைல் வேகத்தில் போகும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தேன். கார் இழுக்காமல், சரியாமல் நேரே நின்றது. மாடு என்னைப் பார்த்துவிட்டுப் போனது. கிழவர் என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.

உங்களைப் பற்றி ஊர் கதைக்கிறது. ஏசுகிற ஆட்கள் உண்டு. தாங்கள் அந்த நாளில் எதற்குள் எதை ஊற்றினோம் என்று என்னிடம் வந்து மெதுவாகச் சொல்லுகிற ஆட்களும் உண்டு. இனி உங்களைப் பற்றி இங்கே யாரும் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனபடியால் வாருங்கள். உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்து வர வேண்டாம். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று, கடிதத்தில் எழுதியதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். அதற்காக வாருங்கள்.

எந்தப் பஸ் என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் காரோடு நிற்பேன். முன் கதிரையில்தான் நீங்கள் இருக்க வேண்டும். பின்னால் ஏற விட மாட்டேன்.

இப்படிக்கு
மரியநாயகம் நிமலினி